பதினோரு அடி

தங்கள் ஊர் ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது என்பதே அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பலகை வைத்த பிறகுதான் தெரியவந்தது. அதுவரைக்கும், டவுன்தான் தூரத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் தார்ச்சாலை, பஸ், ஆஸ்பத்திரி, அரசாங்கம். நடுவில் ஒரே ஒரு படகு. கரையை ஒட்டி வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த தானியக் கிடங்குக்கு ஒருநாள் வெள்ளையடித்தார்கள். வாசலில் ‘விளிம்பு: சர்வதேசக் கலை உறைவிடம்’ என்று பலகை மாட்டினார்கள். அதற்கடியில் சின்ன எழுத்தில், ‘உலகின் கடைசி ஒதுக்குப்புறங்களில் ஒன்று’ என்று போட்டிருந்தது. பலசரக்குக் கடைக்காரர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, “அட, நம்மளையா சொல்றாங்க?” என்று கேட்டார். யாருக்கும் கோபம் வரவில்லை. எப்படியோ ஊர் பேர் வெளியே தெரிந்தால் சரி என்று விட்டுவிட்டார்கள். அங்கேதான் தப்பு நடந்தது.

ஊருக்கு ஒரே ஒரு பிளம்பர். அவருக்கும் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பேர் வைத்துத்தான் இருந்தார்கள். ஆனால் குழாயில் தண்ணீர் வராமல் நிற்கிறவர்கள் பேரையா தேடிக்கொண்டிருப்பார்கள்? “பிளம்பர், பிளம்பர்” என்று வாசலில் நின்று கத்துவார்கள். அவரும் பையைத் தூக்கிக்கொண்டு போவார். கலைஞர்கள் வந்து தங்கிப் படைப்புகள் செய்கிற அந்த உறைவிடம் வந்த பிறகு அங்கேயும் அவர்தான்.

இரண்டாம் மாதம் மூன்றாம் எண் அறையில் குழாய் சொட்டுவதைப் பார்த்தார். சொட்டுகிற குழாயைப் பார்த்துவிட்டுச் சும்மா போவதற்கு அவர் மனசு இடம் கொடுக்காது. இரண்டு நிமிஷத்தில் வாஷர் மாற்றினார். மறுநிமிஷம் அந்த அறையிலிருந்த வெளிநாட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். காதில் பெரிய ஹெட்போன், கட்டிலுக்கடியில் மைக். நாற்பது நாளாக அந்தச் சொட்டைத்தான் அவர் பதிவு செய்துகொண்டிருந்தாராம்.

உறைவிடத்தின் இயக்குநர் ஓடி வந்தார். நாற்பத்தைந்து வயது அம்மாள். யாரைப் பார்த்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, இரக்கத்தோடு சிரிப்பார். ஒதுக்குப்புறத்தின் அமைதியைப் பற்றி நான்கு மொழிகளில் பேசுவார். சாயங்காலம் ஐந்து மணிப் படகை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

“நீங்க சரி பண்ணது குழாயை இல்ல, ஒரு இசைக்கோவையை,” என்றார்.

“ஐயோ, தெரியாம பண்ணிட்டேன் மேடம். வாஷரைக் கழட்டிடறேன். பழையபடி சொட்டும்.”

“அது எப்படிப் பழையபடி ஆகும்? முன்னாடி அதுவா சொட்டுச்சு. இனிமே நீங்க சொட்ட வைக்கறீங்க.”

பிளம்பருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அன்று முதல் ஒரு விதி போட்டார்கள். உறைவிடத்துக்குள் எது ஒழுகினாலும், உடைந்தாலும், அடைத்துக்கொண்டாலும், முதலில் ஒரு குழு கூடி அது பழுதா படைப்பா என்று முடிவு செய்யும். அதற்குப் பிறகுதான் பிளம்பர் கை வைக்கலாம். அடுத்த மாதமே மாடிக் கழிவறை அடைத்துக்கொண்டது. ஒன்பது நாள் விவாதம் நடந்தது. கடைசியில் இரண்டுக்கு மூன்று என்ற வாக்கில் அது அடைப்புதான் என்று தீர்மானம் ஆயிற்று. எதிர்த்து வாக்களித்த இருவரும் அந்த ஒன்பது நாளும் கீழ்மாடிக் கழிவறைக்குத்தான் போய்வந்தார்கள் என்பதைப் பிளம்பர் கவனித்திருந்தார்.

இதையெல்லாம் அவர் வீட்டில் வந்து சொன்னால், அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரிப்பதற்காகவே ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துச் சொல்வார். ஏனென்றால் அவள் சிரிக்கிற நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்களும் வியாழனும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். படகுக்காரன் அவளுடைய சொந்தத் தம்பிதான் என்பதால் போக்குவரத்துக்குக் குறையில்லை. ஆனால் மழைக்காலத்தில் ஆறு பெருகினால் தம்பியாவது, அண்ணனாவது? படகு இறங்காது. போன மழைக்கு ஏழு நாள் தண்ணீர் வடியவில்லை. கடைசி இரண்டு நாள் அவள் படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சுக்குப் போராடினாள். அப்புறம் டாக்டர் பிளம்பரைத் தனியாகக் கூப்பிட்டு, “நாலு நாள். அதுக்கு மேல தாங்காது. அடுத்த மழைக்கு இப்படி விட்டுட்டு வந்து நிக்காதீங்க,” என்று சொல்லி அனுப்பினார்.

அதனால்தான் பிளம்பர் மனு எழுதினார். ‘ஐயா, எங்கள் ஊருக்கு ஒரு நடைபாலம் வேண்டும். வண்டி போக வேண்டாம். ஆள் நடந்தால் போதும். மழையில் படகு ஓடாது. என் மனைவிக்கு நாலு நாளைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி போயாக வேண்டும். மற்றவர்களுக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது.’ அவ்வளவுதான். வீடு வீடாகப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார்.

இயக்குநர் அதை ஆவலாக வாங்கிப் படித்தார். கண்களை மூடித் திறந்தார். “என்கிட்ட குடுங்க. பெரிய பொறியாளர் எனக்கு நல்லாத் தெரிஞ்சவர். நானே அவர் பார்வைக்குக் கொண்டு போறேன்,” என்றவர், கூடவே ஆறு பக்கத்தில் ஒரு படிவத்தையும் நீட்டினார். ஊர் சார்பாகப் பிளம்பர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“படிச்சுட்டுப் போட்டீங்களா?” என்று அன்றைக்கு மனைவி கேட்டாள்.

“எல்லாம் புரியாத எழுத்துடி. அந்தம்மா நல்லவங்க. எவ்வளவு இரக்கமா சிரிக்கிறாங்க தெரியுமா?”

“பல் புடுங்குற டாக்டரும்தான் சிரிக்கிறாரு,” என்றாள் அவள்.

சொன்ன சொல் தவறாமல் இயக்குநர் மனுவைப் பொறியாளரின் பார்வைக்குத்தான் கொண்டுபோனார். ஒன்றரை மாதம் கழித்து உறைவிடத்தில் ஒரு கண்காட்சி திறந்தார்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளப் போயிருந்த பிளம்பர், கூடத்தின் நடுச்சுவரில் தன் மனுவைப் பார்த்தார். கண்ணாடி, சட்டம், மேலே தனியாக ஒரு விளக்கு. பக்கத்தில் ஒரு சீட்டு: ‘ரேகைகள். கூட்டுப் படைப்பு. ஊடகம்: தாள், மை, ஏக்கம்.’

அதன் முன்னால் பொறியாளர் நின்று பேசிக்கொண்டிருந்தார். கையில் பழரசக் கோப்பை.

“இருபத்தாறு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஆயிரக்கணக்கான மனு என் மேஜைக்கு வந்திருக்கு. உண்மையைச் சொல்றேன், ஒண்ணையும் நான் முழுசாப் படிச்சதில்ல. இன்னைக்குத்தான் ஒரு மனுவை நின்னு நிதானமாப் படிச்சேன். ‘மற்றவர்களுக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது’ங்கற வரி என்னை உலுக்கிடுச்சு. மனுன்னா அது இப்படிச் சுவத்துலதான் இருக்கணும். ஆபீஸுக்கு வந்தா அதோட அழகே போயிடுது. கட்டுக் கட்டா மூலையில கிடக்குது, எலி கடிக்குது. அதையெல்லாம் நினைச்சா இன்னைக்கு எனக்கு வெக்கமா இருக்கு.”

எல்லோரும் கைதட்டினார்கள். பிளம்பர் தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் போய் நின்றார். “ஐயா, அதை எழுதினது நான்தானுங்க.”

“நீங்களா! கையைக் குடுங்க முதல்ல. என்னமா எழுதியிருக்கீங்க!”

“பாலம் எப்போங்க ஐயா வரும்?”

பொறியாளர் முகம் மாறியது. “இங்க பாருங்க, இதை நான் பார்வையாளராத்தான் பார்த்தேன். அதிகாரியாப் பார்க்கல. அதிகாரியாப் பார்க்கணும்னா இது ஆபீஸுக்கு வரணும். மூலப் பிரதி வரணும். நகலெல்லாம் எடுத்துக்க மாட்டோம்.”

பிளம்பர் திரும்பி இயக்குநரைப் பார்த்தார். அவர் தலையைச் சாய்த்தார். “அதை இனிமே சுவத்துல இருந்து எடுக்க முடியாதுங்க. அடுத்த வாரம் மூணு நாட்டுக்குப் போகுது. காப்பீடெல்லாம் பண்ணியாச்சு.”

“அப்ப வேற ஒண்ணு எழுதிக்கிறேன் மேடம். எல்லார்கிட்டயும் மறுபடி கைநாட்டு வாங்கிடறேன்.”

“ஐயையோ, தயவு செஞ்சு அப்படிப் பண்ணிடாதீங்க. படிவத்துல ஏழாம் பிரிவு படிக்கலையா? அதே பொருள்ல, அதே ஆளுங்க, இன்னொண்ணு உருவாக்கக் கூடாது. அஞ்சு வருஷத்துக்கு. அப்படிப் பண்ணா இதோட தனித்துவம் போயிடும்ல?”

பிளம்பர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை எதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. “ரெண்டாவது பிரதியாவது எடுத்து வெச்சிருக்கலாம்ல, மக்கு மனுஷா,” என்றாள். தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல அவருக்கு இருந்தது.

மூன்று நாடு சுற்றிய மனு, ஒரு பரிசையும் ஒரு அறக்கட்டளையையும் கூட்டிக்கொண்டு வந்தது. அறக்கட்டளை அந்த ஏக்கத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக விரும்பியது. அதற்காக நெட்டையாக ஒரு சிற்பி வந்து இறங்கினார். அவருக்குப் பின்னாலேயே இரும்பும் வந்தது. லாரி லாரியாக இரும்பு. அந்தக் கரையில் ஒரு குவியல், இந்தக் கரையில் ஒரு குவியல். ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. பாலம் கட்டப் போகிறார்களாம்!

ஊரில் கைகால் உள்ளவர்கள் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். பிளம்பரும் போனார். அவருடைய மச்சினன், அதுதான் படகுக்காரன், தன் பிழைப்பே போகப்போகிறது என்று தெரிந்தும் முதல் ஆளாகத் தூண் தூக்கினான். “அக்கா நடந்து போகட்டும் மாமா. நான் மீன் பிடிச்சுப் பொழைச்சுக்கறேன்,” என்றான். இரண்டு கரையிலிருந்தும் பாலம் வளர்ந்தது. நல்ல கனமான தூண், அழகான கைப்பிடி, வழுக்காத தகடு. அந்தக் கரைப் பாதியின் செலவை ஒரு நாடும் இந்தக் கரைப் பாதியின் செலவை இன்னொரு நாடும் ஏற்றுக்கொண்டிருந்தன. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் நின்றாலும் அசையாது என்று பொறியாளரே வந்து சோதித்துச் சான்றிதழ் கொடுத்தார்.

இரண்டு பாதியும் நெருங்கி, நடுவில் பதினோரு அடி பாக்கி இருக்கும்போது இரும்பு தீர்ந்துவிட்டது.

“மிச்சம் எப்ப வருது மேடம்?” என்று பிளம்பர் கேட்டார்.

“எந்த மிச்சம்?”

“நடுவுல பதினோரு அடி நிக்குதே.”

“அதுதாங்க படைப்பே!” என்றார் இயக்குநர். “சுத்தியிருக்கற இரும்பெல்லாம் அதுக்குச் சட்டம் மாதிரி. ரெண்டு கை நீளுது, தொட முடியல. முழுப் பாலம் எல்லா ஊர்லயும்தான் இருக்கு. அதைப் பார்க்க யாராவது விமானம் ஏறி வருவாங்களா?”

“பார்க்க வர்றவங்க இருக்கட்டும் மேடம். நாங்க அந்தப் பக்கம் போகணுமே. இன்னும் ரெண்டே ரெண்டு இரும்புத் தண்டு போட்டா...”

இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை. “உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு? அறக்கட்டளை விதிப்படி, நடந்து வந்து சேர முடியாத இடத்துக்குத்தான் உறைவிடம் குடுப்பாங்க. பாலம் சேர்ந்துடுச்சுன்னா இது ஒதுக்குப்புறமே இல்ல. சாதாரண ஊர் ஆயிடும். அப்புறம் நாங்க எதுக்கு இங்க? உங்களை யாருக்குத் தெரியும்?”

பிளம்பர் கையிலிருந்த ரெஞ்சைப் பார்த்தார், இயக்குநரின் தலையைப் பார்த்தார், ரெஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. ரிப்பனை அந்தப் பதினோரு அடியில், காற்றில் கட்டியிருந்தார்கள். யாராலும் எட்டி வெட்ட முடியவில்லை. அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதிதான் என்றார்கள். நெட்டையர் அழுதார். பொறியாளர் பேசினார்: “என் துறையில எத்தனையோ பாலம் பாதியில நிக்குது. இத்தனை நாளா அதையெல்லாம் ஊழல், அலட்சியம்னு பத்திரிகையில எழுதினாங்க. இன்னைக்கு உலகமே வந்து ஒரு பாதிப் பாலத்துக்குக் கைதட்டுது. என் ஊழியர்கள் சார்பா நன்றி சொல்லிக்கறேன்.” போதாக்குறைக்கு, மறுநாளே மச்சினனுக்கு ஒரு கடிதம் வந்தது. இடைவெளிக்கு அடியில் படகு போவதால் இடைவெளியின் பொருள் கெடுகிறதாம். படகுத் துறையை அரை மைல் கீழே மாற்றிக்கொள்ள வேண்டுமாம். அந்த இடத்தில் ஆறு சுழித்து ஓடும். சாதாரண நாளிலேயே துடுப்பு நிற்காது.

மழை வந்தது. மூன்றாம் நாளே ஆறு நுரைத்துக்கொண்டு ஓடியது. படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டார்கள். திங்கட்கிழமை போய்விட்டு வந்திருந்தவளுக்கு, வியாழக்கிழமை காலையில் கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. பிளம்பர் அவளைக் கைத்தாங்கலாகப் பாலத்தின் நுனிவரை கூட்டிக்கொண்டு போனார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியாது. வேறு எங்கே போவது? நுனியில் நின்று பார்த்தால் எதிர் நுனி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. அதில் பதித்திருந்த வெண்கலத் தகட்டில் அறக்கட்டளையின் பேரைக்கூடப் படிக்க முடிந்தது. அடியில் தண்ணீர் கத்திக்கொண்டு போயிற்று.

“என்னங்க, திரும்பிப் போயிடலாமா?” என்றாள் அவள். குரலில் அழுகை இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

“நீ உக்காரு,” என்றார். கூட வந்திருந்த மச்சினன் பக்கம் திரும்பி, “மாப்ள! ஓடு. வீட்டுப் பின்னாடி மூணு இஞ்ச் பைப் இருபதடி நீளத்துல நாலு கிடக்கு. ஆளுங்களைக் கூட்டிட்டு வா. கிளாம்ப் பெட்டியையும் எடுத்துக்க.”

தச்சுக்காரரோ கொல்லரோ இதைச் செய்திருந்தால் வேறு மாதிரிச் செய்திருப்பார்கள். இவர் பிளம்பர். வாழ்நாளெல்லாம் இங்கே நிற்கிற குழாயை அங்கே நிற்கிற குழாயோடு சேர்ப்பதுதான் அவர் வேலை. நடுவில் விட்டுவைத்த இடம் எதுவானாலும் அவர் கண்ணுக்கு அது முடியாத வேலைதான். நாலு குழாயையும் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்குத் தள்ளி, இரண்டு பக்கமும் நாலரை நாலரை அடி ஏற்றி, கைப்பிடிக் கம்பத்தோடு கிளாம்ப் போட்டு முடுக்கினார். குறுக்கே துண்டுக் குழாய்களை வைத்து இறுக்கினார். திறப்பு விழா மேடைக்குப் போட்ட பலகைகள் உறைவிடத்தின் பின்னால் அடுக்கி வைத்திருந்தன. அதை எடுக்கலாமா என்று ஒரு குழுவும் கூடவில்லை. இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவரே முதலில் நடந்து போய், நடுவில் நின்று குதித்துப் பார்த்தார். பிறகு மனைவியை ஒரு கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நுனியில் கால் வைத்ததும் அவள் வாய்விட்டு அழுதாள். அவர் அழவில்லை. கிளாம்ப் ஒன்று சரியாக உட்காரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் அந்த ஊரே இரண்டு தடவை அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது. வேலை இருந்தவர்களும் போனார்கள், இல்லாதவர்களும் போனார்கள்.

நெட்டையர் இதையெல்லாம் ஜன்னலிலிருந்து படம் பிடித்து இயக்குநருக்கு அனுப்பியிருந்தார். அடுத்த திங்கட்கிழமை, மனைவியைத் தம்பியோடு காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுப் பிளம்பர் பாலத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கரையில் ஒரு ஜீப்பும் ஒரு காரும் வந்து நின்றன. இயக்குநர், பொறியாளர், அறக்கட்டளைப் பிரதிநிதி என்று ஒரு வெள்ளைத் தாடிக்காரர். மூவரும் குடையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, பலகை மேல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். வந்து சேர்ந்ததும் பலகையைக் காட்டி, “என்ன அநியாயம் இது!” என்றார் பொறியாளர்.

“என் சம்சாரம் ஆஸ்பத்திரிக்குப் போகணும் சார். அதான் போட்டேன்.”

தாடிக்காரர் குனிந்து கிளாம்பைத் தொட்டுப் பார்த்தார். இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் முகம் பளிச்சென்று ஆனது. “அவருக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்காம்! இது சேதம் இல்ல, மக்களோட பதில்னு சொல்றார். அப்படியே கழட்டி, பெட்டியில கட்டி, வர்ற மாசம் கண்காட்சிக்குக் கொண்டு போறோம். நீங்க இனிமே பிளம்பர் இல்ல, கலைஞர்! இந்தப் படிவத்துல ஒரு கையெழுத்து...”

பிளம்பர் படிவத்தைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இவர்கள் பாராட்டினால் பொருள் வீடு திரும்பாது என்பது அவருக்கு அனுபவம்.

“மேடம், இது கலையெல்லாம் இல்ல. பைப்பு, பலகை. அவ்வளவுதான்.”

“அப்படிச் சொல்லாதய்யா,” என்று பொறியாளர் குறுக்கிட்டார். “உன் நல்லதுக்குச் சொல்றேன். கலைன்னா அவங்க கழட்டி எடுத்துட்டுப் போவாங்க, உனக்கு மாலை மரியாதை. கலை இல்லைன்னா அனுமதி இல்லாத கட்டுமானம். நான் இன்னைக்கே பிரிச்சுப் போடணும், உன் மேல வழக்கும் போடணும். எது வேணும்? நீயே முடிவு பண்ணு.”

“ரெண்டுலயும் பலகை இருக்காதா சார்?”

“ரெண்டுலயும் இருக்காது.”

பிளம்பர் ஆற்றைப் பார்த்தார். அந்தக் கரையில் நின்ற ஜீப்பைப் பார்த்தார். மனைவி இந்நேரம் மெஷினில் படுத்திருப்பாள் என்று நினைத்தார். அவள் ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம் இருக்கிறாள். கூடத் தம்பி இருக்கிறான். அப்படியானால் இங்கே என்ன பயம்? அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு மூன்று வருஷமாக நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கி, அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

“கையெழுத்தெல்லாம் எதுக்கு?” என்றார். “நீங்க எது வேணா எழுதிக்கங்க. நான் இப்பவே கழட்டிடறேன்.”

விறுவிறுவென்று நடந்து போய், பாலத்தின் நுனியில் குந்தினார். ரெஞ்சை மாட்டி முதல் கிளாம்பைத் தளர்த்தினார். நட்டு கழன்று தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதில் ரெஞ்சை மாட்டினார்.

“யோவ், நில்லு நில்லு!” என்று பொறியாளர் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். “நாங்க போனப்புறம் கழட்டு!”

“இன்னைக்கே பிரிக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“அதுக்காக? நாங்க எப்படிப் போறது? படகு எங்க?”

“கவுத்துப் போட்டிருக்கு. தண்ணி வடிஞ்சா இறக்குவாங்க. போன தடவை ஏழு நாள் ஆச்சு. இங்கயே தங்கிக்கங்க, அமைதியா இருக்கும். மேடத்துக்கு இங்க ரூம் இருக்கு, ஒருநாள்கூடப் படுத்ததில்ல.”

இயக்குநர் வாயைத் திறந்தார். நான்கு மொழியில் ஒன்றும் வரவில்லை. தாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குச் சாயங்காலம் விமானம்.

பொறியாளரின் நெற்றியில் வியர்த்தது. “விளையாடாதய்யா. எனக்குச் சர்க்கரை. ஊசி ஜீப்ல இருக்கு.”

பிளம்பர் ரெஞ்சை நிறுத்தினார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். “எத்தனை நாள் தாங்கும் சார்?”

“நாளா? மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டாகணும்யா!”

“என் வீட்டுக்காரிக்கு நாலு நாள் தாங்கும்,” என்றார் பிளம்பர். “மனுவுல எழுதியிருந்தேனே. நின்னு நிதானமாப் படிச்சீங்களே சார்.”

பொறியாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். “சரி, அனுமதி குடுத்துடறேன். ஆனா மனு வேணும். மனு இல்லாம அனுமதி குடுக்க விதி கிடையாது. சீக்கிரம் எழுது.”

“நான் எழுதக் கூடாதுங்க. ஏழாம் பிரிவு. அஞ்சு வருஷம்.”

பொறியாளர் இயக்குநரை ஒரு முறை முறைத்தார். அவர் கையிலிருந்த கண்காட்சிப் புத்தகத்தைப் பிடுங்கி, பின்னட்டையில் தானே தனக்கு ஒரு மனு எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். அதைத் தானே வாங்கிப் படித்து, ‘பெறப்பட்டது’ என்று எழுதினார். பக்கத்திலேயே ஆணையையும் எழுதினார். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் அவர் முடித்த மிக வேகமான கோப்பு அதுதான். எட்டு நிமிஷம் ஆயிற்று.

“பாலம் சேர்ந்துட்டா இது ஒதுக்குப்புறமே இல்லையே!” என்று இயக்குநர் தாடிக்காரரிடம் கெஞ்சினார். அவர் அதற்குள் பாதிப் பலகை தாண்டியிருந்தார். பிளம்பர் புது நட்டுப் போட்டு முடுக்கிய பிறகு மற்ற இருவரும் போனார்கள்.

நாலு மணிக்கு மனைவி வந்தாள், தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு. முகம் தெளிந்திருந்தது. பலகையின் நடுவில் நின்று, “என்னங்க, ஜீப் வந்துட்டுப் போச்சாமே. பிரிக்கச் சொல்லிட்டாங்களா?” என்று கேட்டாள்.

பொறியாளர் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போன பின்னட்டையைப் பிளம்பர் நீட்டிப் படித்தார். “‘அலுவலர்களின் அவசரப் போக்குவரத்தை முன்னிட்டு இப்பாலம் முழுமையாக இணைக்கப்பட்டு நிரந்தரமாகப் பராமரிக்கப்பட ஆணையிடப்படுகிறது. பொதுமக்களும் இதன் மேல் நடப்பதற்கு ஆட்சேபணை இல்லை.’”

“நம்மளைப் பத்தி, நம்ம ஆஸ்பத்திரியைப் பத்தி, ஒண்ணுமே இல்லையா?”

“ஆட்சேபணை இல்லையாம்.”

“அது கிடக்கட்டும். வியாழக்கிழமை நான் போலாமா, கூடாதா?”

“போலாம்.”

“பின்ன என்னத்துக்கு வழியை மறிச்சுக்கிட்டு நிக்கறீங்க? தள்ளுங்க, கால் வலிக்குது,” என்று அவரை விலக்கிவிட்டு அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.